ஆலயத்துப் பக்கிக்குப் புதிய சார்ஜர்: 48 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதுமா?

பட்டர்வொர்த் தொண்டர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்துக்கு அருகில் உள்ள எங்கள் ஆலயத்தில், கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டபம் வரை முதியவர்களையும் நடக்க இயலாதவர்களையும் ஏற்றிச் செல்வதற்காக, நான்கு பேர் அமரக்கூடிய கிளப் கார் மின்சாரப் பக்கி ஒன்றை வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் ஓடி, ரீகோன் வண்டியாக, அதாவது பழுதுபார்த்து மறுவிற்பனைக்கு வந்த பழைய வண்டியாக, இங்கே வந்தது. இருக்கையின் கீழே ஆறு பேட்டரிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் நான்கு மூடிகள் உண்டு. அவற்றைச் சென்ற ஆண்டுதான் புதிதாக மாற்றினோம். 20 மணி நேர அளவில் 170 ஆம்பியர்-அவர் என்று உறையில் அச்சிட்டிருக்கிறது.

சார்ஜர் மட்டும் வண்டியோடு வந்த பழையது. தூக்கினால் கை வலிக்கும் அளவுக்குக் கனமானது, ஓடும்போது உறுமும். அதன் முதுகில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதால், வண்டியை விற்ற கடைக்காரர் ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார். இரவு முழுவதும் ஏற்றினாலும், மறுநாள் நண்பகலுக்குள் மண்டபத்துக்கு ஏறும் சிறிய சரிவிலேயே வண்டி தளர்ந்துவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டது, ஆறையும் மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். இன்னொரு கடையிலோ சார்ஜரை மாற்றினாலே போதும் என்கிறார்கள்.

இணையத்தில் தேடினால், 48 வோல்ட், 15 ஆம்பியர் என்று மட்டும் எழுதப்பட்ட மலிவான சார்ஜர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதே 48 வோல்ட்டுக்குப் பல மடங்கு விலை சொல்லும் சார்ஜர்களும் இருக்கின்றன. இந்த விலை வேறுபாட்டுக்கு என்ன காரணம்? ஆம்பியர் கூடக் கூட நல்லதா? வாங்கிய பிறகு சார்ஜரை எவ்வாறு பராமரிக்க வேண்டும்? தைப்பூசத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த பணம் என்பதால், தவறான பொருளை வாங்கிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தின் பின்புறம், மடப்பள்ளிக்கு அடுத்துள்ள தகரக் கொட்டகையில்தான் வண்டியை நிறுத்தி ஏற்றுகிறோம். மேலும், வண்டியில் ஒரு சிறிய ஒலிபெருக்கியும் விளக்குகளும் பொருத்தப்பட்டிருக்கின்றன.


கோலாலம்பூர் பட்டறை (மறுமொழி)

வணக்கம் ஐயா. கோல்ஃப் மன்றம் ஒன்றின் பட்டறையில் பக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் என் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. நீங்கள் சொன்னவற்றிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய சார்ஜரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டெப்-டவுன் பெட்டி நம் 230 வோல்ட்டை 120 வோல்ட்டாக இறக்கித் தரும். ஆனால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அதனால் 60 ஹெர்ட்ஸாக மாற்ற முடியாது. கனமாக, உறுமிக்கொண்டு ஓடும் இந்த வகைச் சார்ஜருக்குள் ஒரு பெரிய மின்மாற்றியும் அதனோடு சேர்ந்து இயங்கும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. அவ்விரண்டும் 60 ஹெர்ட்ஸில் ஒத்திசைந்து, வெளியே வரும் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒத்திசைவு கெட்டு, வெளியீட்டு அழுத்தமும் அதற்கேற்பத் தாழ்ந்துவிடும். இரும்பும் கூடுதலாகச் சூடேறும். சார்ஜர் ஓடுகிறது, ஊசி அசைகிறது, ஆகவே ஏறுகிறது என்று பார்ப்பவர் எண்ணுவார். உண்மையில் பேட்டரி ஒரு நாள்கூட முழுமையாக நிரம்பியிருக்காது. ஈய-அமில பேட்டரியைத் தொடர்ந்து அரைகுறையாக ஏற்றினால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளடைவில் கெட்டிப்பட்டு, பின்னர் முழுவதும் கரையாமலே போய்விடும். ஆகையால், கடைக்காரர் சொல்வதை நம்பி ஆறையும் மாற்றிவிட்டு அதே சார்ஜரை வைத்திருந்தால், புதிய ஆறும் இதே வழியில்தான் போகும்.

அடுத்ததாக, விலை வேறுபாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பேட்டரியில் நான்கு மூடிகள் இருப்பதால் நான்கு அறைகள், அறைக்கு 2 வோல்ட், ஆக 8 வோல்ட். ஆறு சேர்ந்தால் 48 வோல்ட், 24 அறைகள். இந்த 48 என்பது அந்தத் தொகுதிக்கு இட்ட பெயர் மட்டுமே. முழுமையாக ஏறி, ஓய்ந்து நிற்கும்போது அதே தொகுதி ஏறத்தாழ 50.9 வோல்ட் காட்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது அதைவிட மிகவும் உயர வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு, 25 டிகிரி வெப்பத்தில், அறைக்கு 2.45 வோல்ட்டை ஒட்டிய அளவை உற்பத்தியாளர்கள் கேட்பார்கள். ட்ரோஜன் என்ற பேட்டரி நிறுவனம் 2.47 என்கிறது. 24 அறைகளுக்குக் கணக்கிட்டால் அது 59.3 வோல்ட். தண்ணீர் ஊற்றாத ஏஜிஎம் வகைக்கு அறைக்கு 2.40 அளவே போதும், அதாவது 57.6 வோல்ட். 48 வோல்ட் என்று மட்டும் எழுதிய மலிவான சார்ஜர் இவற்றில் எந்த அளவில் நிற்கும் என்பதை அதன் பெட்டியே சொல்லாது. நல்ல சார்ஜரில் பேட்டரியின் வகைக்கும் மாதிரிக்கும் ஏற்ப ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். டெல்டா-க்யூ போன்ற சார்ஜர்களில் இதற்கென்றே எண்கள் கொடுத்திருக்கிறார்கள்; உங்கள் பேட்டரிக்குரிய எண் எது என்று விற்பவரிடம் கேட்டு, அதை அமைத்துத் தரச் சொல்ல வேண்டும். விற்பவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்றால், வேறு கடையைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

நம் ஊர் வெப்பத்துக்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. 25 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும், அறைக்கு 0.005 வோல்ட் வீதம் ஏற்றும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தகரக் கொட்டகையில் பேட்டரியின் உடல் 35 டிகிரியைத் தொடுவது இயல்பு. அப்போது 24 அறைகளுக்கும் சேர்த்து 1.2 வோல்ட் குறைய வேண்டும், 59.3 என்பது 58.1 ஆகிவிடும். பேட்டரியின் மேல் ஒட்டிவைக்கும் வெப்ப உணரி உள்ள சார்ஜர் இதைத் தானே செய்துகொள்ளும். உணரி இல்லாத சார்ஜர், குளிர்நாட்டு அளவிலேயே ஆண்டு முழுவதும் ஏற்றித் தண்ணீரைக் கொதித்து வெளியேற்றும். மலேசியாவில் வாங்குபவர் பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இந்த உணரியில் மட்டும் பிடிக்கக் கூடாது.

ஆம்பியரைப் பொறுத்தவரை, 20 மணி நேரக் கொள்ளளவில் 10 முதல் 13 விழுக்காடு வரை என்பது தண்ணீர் ஊற்றும் பேட்டரிகளுக்கு உரிய அளவு. உங்கள் 170-க்கு அது 17 முதல் 22 ஆம்பியர் வரை வரும். 15 ஆம்பியர் என்றால் ஆபத்து ஒன்றும் இல்லை. சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான். 18 ஆம்பியர் சார்ஜரே உங்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. 30, 40 என்று போனால் நேரம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மிச்சமாகாது. ஏனெனில் கடைசி 20 விழுக்காட்டைப் பேட்டரி தன் வேகத்தில்தான் வாங்கிக்கொள்ளும். குடத்தின் கழுத்துவரை நீர் வந்த பிறகு குழாயைச் சிறிதாக்க வேண்டியிருப்பது போலத்தான் இதுவும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த கிளப் கார் 48 வோல்ட் வண்டிகள் பலவற்றில், வண்டிக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருக்கும். சார்ஜர் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அந்தக் கணினிதான் முடிவு செய்யும். தானே முடிவெடுக்கும் புதிய சார்ஜரை அப்படிப்பட்ட வண்டியில் அப்படியே செருகினால், சில நேரங்களில் அது தொடங்காது. அந்தக் கணினியைத் தவிர்த்து இணைக்க வேண்டியிருக்கும். ஆகவே வண்டியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அந்த எண்ணுக்கு இந்தச் சார்ஜர் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். செருகியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஈசி-கோ, யமஹா வண்டிகளின் செருகி உங்கள் வண்டியில் நுழையாது.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். இரவு ஏற்றி முடித்த பின், வண்டியை ஓட்டாமல் சில மணி நேரம் விட்டுவிட்டு, ஆறு பேட்டரிகளின் வோல்ட்டையும் மல்டிமீட்டரில் தனித்தனியாகக் குறியுங்கள். சார்ஜர் ஓடும் கடைசி ஒரு மணி நேரத்தில் மொத்தத் தொகுதி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்பதையும் பாருங்கள். ஹைட்ரோமீட்டர் கிடைத்தால், ஒவ்வோர் அறையின் ஒப்படர்த்தியையும், அதாவது அமிலம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதையும், எழுதி இங்கே பதிவிடுங்கள்.


வயர்மேன், புக்கிட் மெர்தாஜாம் (மறுமொழி)

பேட்டரியைப் பற்றி ஐயா விளக்கிவிட்டார். நான் சுவரிலிருந்து சார்ஜர் வரை உள்ள பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

18 ஆம்பியர், 59 வோல்ட் என்றால் வெளியே போவது ஏறத்தாழ 1,060 வாட். இழப்பையும் சேர்த்தால், சுவரிலிருந்து 1,200 வாட் அளவில் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியருக்குச் சற்று மேல். சாதாரண 13 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கே தாங்கும், தனி இணைப்பு கட்டாயம் இல்லை. இருந்தாலும், இரவெல்லாம் ஆளில்லாமல் ஓடும் பொருள் என்பதால், அதற்கென்று ஒரு சாக்கெட்டை ஒதுக்கி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகக் கொடுப்பதையே நான் விரும்புவேன். மடப்பள்ளிக்கு அருகில் என்றால், கழுவிவிடும் தண்ணீர் தரையில் எப்போதும் இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று பிளக்கைத் தொடுபவர்களை நினைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்கச் சார்ஜர்களில் நான் அடிக்கடி காணும் ஆபத்து ஒன்று உண்டு. அவர்களது பிளக்கை வெட்டிவிட்டு நம் பிளக்கை மாட்டுபவர்கள் கம்பிகளின் நிறத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பு மின்னோட்டக் கம்பி, வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். இங்கே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பழைய கட்டடங்களில் கறுப்புக் கம்பியை நியூட்ரலாகப் பார்த்துப் பழகியவர் மாற்றி இணைத்துவிடுவார். புதிய சார்ஜர் வாங்கும்போது, உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றோ, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றோ உடலிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக்கோடு வரும் கம்பியாகவும் பார்த்து வாங்குங்கள். அந்தப் பழைய ஸ்டெப்-டவுன் பெட்டிக்கு அதன் பிறகு அங்கே வேலை இல்லை. கொட்டகையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

எக்ஸ்டென்ஷன் வயரைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள். முடியாது என்றால், எர்த் உள்ள தடித்த மூன்று கம்பி வயரை, சுருளை முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருட்டி வைத்த வயர் மணிக்கணக்கில் ஓடினால் நடுவில் உருகிவிடும். மாதம் ஒருமுறை, ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கையை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. பிளக்கின் முனைகளில் பழுப்புக் கறை தெரிந்தால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இடி மின்னலையும் மறந்துவிடக் கூடாது. உலகிலேயே இடி அதிகமாக விழும் வட்டாரங்களில் நம் தீபகற்பமும் ஒன்று. புதிய வகைச் சார்ஜர்களுக்குள் இருப்பவை நுண்ணிய மின்னணு உறுப்புகள். பழைய மின்மாற்றி தாங்கிய அதிர்ச்சியை அவை தாங்கா. மின்பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்துங்கள். மாலையில் வானம் இருண்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மழை ஓய்ந்த பிறகு ஏற்றுங்கள்.


பத்து ஃபெரிங்கி பராமரிப்பு (மறுமொழி)

நான் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு விடுதியின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கிகளில் பாதியை லித்தியத்துக்கு மாற்றிவிட்டோம். மீதம் இன்னும் ஈய-அமிலத்தில் ஓடுகிறது. இரண்டையும் அன்றாடம் பார்ப்பவன் என்ற முறையில் சில சொற்கள்.

நீங்கள் பின்னொரு நாளில் லித்தியத்துக்குப் போகக்கூடும் என்றால், இப்போது வாங்கும் சார்ஜரிலேயே அதற்குரிய முறையும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கிகளில் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பாலும் 16 அறைகள், பெயரளவில் 51.2 வோல்ட், முழுமையாக ஏற 58.4 வோல்ட். எண்ணைப் பார்த்தால் ஈய-அமிலத்துக்கு நெருக்கமாகத் தோன்றும். ஆனால் ஈய-அமிலச் சார்ஜர், எல்லா அறைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரச் சற்று மிகையாக ஏற்றும் சமப்படுத்தும் கட்டத்தில் 62 வோல்ட்டுக்கு மேல் போகும். அந்த அழுத்தம் லித்தியத்துக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்றைத் துண்டிக்கச் செய்யும், அச்சுற்று பழுதானால் அறைகளையே கெடுத்துவிடும். வண்டி இரண்டு வகை, சார்ஜரும் இரண்டு வகை என்று ஓரிடத்தில் சேர்ந்து இருந்தால், செருகிகளில் நிறம் மாற்றி அடையாளம் இட்டே ஆக வேண்டும். எங்கள் விடுதியில் லித்தியத்துக்குச் சிவப்பு நாடாவும் ஈய-அமிலத்துக்கு மஞ்சள் நாடாவும் சுற்றி வைத்திருக்கிறோம்.

தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எடை குறைவு, விரைவாக ஏறுகிறது என்பதால் எனக்கு லித்தியம்தான் பிடித்திருக்கிறது. ஆனாலும், சென்ற ஆண்டு வாங்கிய பேட்டரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அதற்கு மாறுங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆலயத்தில் சிறிது தூரம் ஓடும் வண்டிக்கு, ஒழுங்காக ஏற்றப்படும் ஈய-அமிலமே போதும்.

நீங்கள் இருப்பதும் கடலுக்கு அருகில் என்பதால் உப்புக்காற்றைப் பற்றிச் சொல்கிறேன். சார்ஜரின் செருகி வண்டியில் நுழையும் இடத்தை ஒரு விளக்கு பிடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள செம்புத் தகடு பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சையாகப் பூத்திருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் நீலம் பாய்ந்து கறுத்திருந்தாலோ, அந்த இடத்தில் தடை கூடி மின்னழுத்தம் விரயமாகிறது. சார்ஜர் 58 வோல்ட் அனுப்பினாலும் பேட்டரிக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவாக இருக்கும். சார்ஜர் அதை அறியாமல் நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடும். அந்தக் கருமைக்குப் பெரும்பாலும் காரணம், ஏறிக்கொண்டிருக்கும்போதே செருகியை வண்டியிலிருந்து இழுப்பதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு தீப்பொறி பறந்து தகட்டைத் தின்றுவிடும். முதலில் சுவரில் சுவிட்சை அணைத்து, பிறகு செருகியைக் கழற்ற வேண்டும்; செருகும்போது முதலில் வண்டி, பிறகு சுவர். கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியின் உடலைப் பிடித்து இழுக்கும்படி எல்லாத் தொண்டர்களிடமும் சொல்லிவையுங்கள்.

சார்ஜரைத் தரையிலோ வண்டியின் இருக்கை மேலோ வைக்காமல், சுவரில் இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, நாற்புறமும் காற்றோட்டம் இருக்கும்படி வையுங்கள். காற்றுத் துளைகளில் தூசியும் விபூதிச் சாம்பலும் அடையாமல் உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். இரவில் சூட்டைத் தேடி வரும் பல்லி துளைவழியே உள்ளே போய் மின்சுற்றில் சிக்கிச் சார்ஜர் எரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். மின்விசிறியும் துளையும் இல்லாத, முழுவதும் மூடப்பட்ட உடல் கொண்ட சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. நம் ஊருக்கு அவைதாம் ஏற்றவை.


பட்டர்வொர்த் தொண்டர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி அளந்துவிட்டேன். இரவு ஏற்றி, காலை முழுவதும் வண்டியைத் தொடாமல் வைத்து, நண்பகலில் பார்த்தேன்.

பேட்டரிகள் வரிசைப்படி 8.24, 8.22, 8.25, 8.23, 8.10, 8.03 வோல்ட். மொத்தம் 49.07. ஒப்படர்த்தி, முதல் நான்கிலும் எல்லா அறைகளிலும் 1.215-ஐ ஒட்டி வருகிறது. ஐந்தாவதில் 1.180. ஆறாவதில் மூன்று அறைகள் 1.175, ஓர் அறை மட்டும் 1.120. சார்ஜர் ஓடும் கடைசி மணி நேரத்தில் பேட்டரி முனையிலேயே வைத்துப் பார்த்தபோது 54.7 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. சார்ஜரின் உடல் தொட முடியாத சூடாக இருந்தது. செருகியின் உள்ளே ஒரு பக்கம் கறுத்திருப்பதும் உண்மைதான்.

தகடுகள் நீருக்குள் மூழ்கியே இருக்கின்றன. ஆனால் நீர்மட்டம் எல்லா அறைகளிலும் ஒன்றாக இல்லை. இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் ஐந்தாவதும் ஆறாவதும் கெட்டுவிட்டன என்று கொள்ளலாமா?


கோலாலம்பூர் பட்டறை

தெளிவாக அளந்திருக்கிறீர்கள் ஐயா. 54.7 என்பதை 24-ஆல் வகுத்தால் அறைக்கு 2.28 வோல்ட்தான் வருகிறது. அந்த அழுத்தத்தில் இரவு முழுவதும் வைத்திருந்தாலும் பேட்டரி நிரம்பாது. உங்கள் முதல் நான்கு பேட்டரிகள் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் நிற்பதற்கு அதுவே காரணம். முழுமையாக ஏறிய அறையில் ஒப்படர்த்தி 1.265-க்கும் 1.280-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆகவே சார்ஜரை மாற்றுவதைப் பற்றி இனி ஐயம் வேண்டாம்.

ஐந்தும் ஆறும் மட்டும் தனியாகத் தாழ்ந்திருப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆறும் வரிசையாக இணைந்திருப்பதால், சார்ஜரிலிருந்து ஒரே மின்னோட்டம்தான் ஆறிலும் போகிறது. வண்டி ஓடும்போது ஒரே மின்னோட்டம்தான் ஆறிலிருந்தும் வெளியேறுகிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும் இறங்கியிருந்தால், அந்த இரண்டிலிருந்து மட்டும் யாரோ எடுக்கிறார்கள். உங்கள் ஒலிபெருக்கியும் விளக்குகளும் எங்கிருந்து இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு 8 வோல்ட் பேட்டரிகளிலிருந்து 16 வோல்ட்டாக எடுத்து, 12 வோல்ட் பொருள்களை ஓட்டும் பழக்கம் நம் கடைகளில் பரவலாக இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சார்ஜராலும் இந்தச் சமனின்மையைச் சரிசெய்ய முடியாது. தாழ்ந்த இரண்டையும் நிரப்ப முயன்றால் மற்ற நான்கும் மிகையாக ஏறிக் கொதிக்கும். நான்கைப் பார்த்து நிறுத்தினால் இரண்டும் பசியோடு நிற்கும். 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் டிசி மாற்றி ஒன்றை வாங்கி, ஆறு பேட்டரிகளின் இரு கடைசி முனைகளிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். புதிய சார்ஜரைச் செருகுவதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

புதிய சார்ஜர் வந்ததும், வண்டியில் உள்ள கறுத்த செருகித் துளையையும் மாற்றிவிடுங்கள். முதல் முறை முழுமையாக ஏற்றிய பின், சமப்படுத்தும் முறையைத் தொடங்குங்கள். அதில் சார்ஜர் குறைந்த மின்னோட்டத்தில், அறைக்கு 2.6 வோல்ட்டை ஒட்டி, அதாவது மொத்தம் 62 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகும். மணிக்கு ஒருமுறை ஒப்படர்த்தியை எழுதி வாருங்கள். எண் உயர்வது நிற்கும்வரை தொடரலாம். பேட்டரியின் உடல் 50 டிகிரியை நெருங்கினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஓர் இரவில் முடியாவிட்டால் மறுநாளும் செய்யலாம். கெட்டிப்பட்ட சல்பேட் முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பேட்டரிகளுக்கு வயது ஓர் ஆண்டுதான் என்பதால், முதல் நான்கும் நன்றாகவே மீளும் என்று எதிர்பார்க்கிறேன். ஆறாவதில் அந்த ஓர் அறை, இத்தனைக்குப் பிறகும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் தாழ்ந்தே நின்றால், அந்தப் பேட்டரி போய்விட்டது என்று கொள்ளலாம். அப்போதும் புத்தம் புதிய ஒன்றை வாங்காமல், ஏறத்தாழ இதே வயதுடைய, இதே மாதிரிப் பேட்டரி ஒன்றைத் தேடிப் போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு ஏற்றுவதற்கு முன் ஊற்றலாம். மற்றபடி ஏற்றி முடித்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஏறும்போது அமிலம் விரிந்து எழும்பும் என்பதால், முன்பே நிரப்பியிருந்தால் அது வழிந்து, பேட்டரிகளைத் தாங்கும் தட்டை அரித்துவிடும். மூடியின் உட்குழாயின் அடிவிளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். பேட்டரி அமிலம் என்று விற்கும் போத்தலை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதை, தண்ணீரில் கரைத்த ஆப்பச் சோடாவால் துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கொட்டகையைப் பற்றித்தான். ஏற்றத்தின் கடைசிக் கட்டத்திலும், அதைவிடக் கூடுதலாகச் சமப்படுத்தும் நேரத்திலும், ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். காற்றைவிட இலேசானது என்பதால் மேலே எழுந்து தகரக் கூரையின் அடியில் தங்கிவிடும். மடப்பள்ளியில் அடுப்பு எரிகிறது, மண்டபத்தில் கற்பூரமும் விளக்கும் எரிகின்றன. இவற்றுக்குச் சுவர் ஒட்டிய மூடிய கொட்டகையில் ஏற்றுவது நல்லதல்ல. வேறு இடம் கிடைக்குமானால் வண்டியை மாற்றுங்கள். கிடைக்காவிட்டால், கூரையை ஒட்டி இரு எதிர்ப்புறங்களிலும் காற்று வெளியேறத் திறப்பு வையுங்கள், மடப்பள்ளிப் பக்கத்துச் சுவரில் உள்ள இடைவெளிகளை அடைத்துவிடுங்கள், ஏற்றும்போது இருக்கையைத் தூக்கி வையுங்கள். தீ எரியும் தட்டோடு யாரும் அந்தக் கொட்டகைக்குள் வரக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

தைப்பூசத்தன்று வண்டி காலையிலிருந்து இரவுவரை ஓடும் அல்லவா? பாதிக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டிவிட்டு இரவில் ஏற்றுவதைவிட, பூசைக்காக வண்டி நிற்கும் இடைவேளையில் இரண்டு மூன்று மணி நேரம் செருகி வைப்பது மேல். அன்றிரவு கட்டாயம் முழுமையாக ஏற வேண்டும். சார்ஜரின் பச்சை விளக்கு வரும்வரை யாரும் இடையில் கழற்றக் கூடாது. விழா இல்லாத வாரங்களில் வண்டி சும்மா நின்றாலும், மாதம் ஒருமுறையாவது முழுமையாக ஏற்றுங்கள்.

சமப்படுத்தி முடித்து, ஓர் இரவு ஓய்ந்த பிறகு ஆறு பேட்டரிகளின் அளவுகளையும் இதே போல எழுதி அனுப்புங்கள். ஆறாவதை வைத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.